கட்டிலடிக்கு வந்த நொத்தாரிசு

நேற்று வுச்சீரியாச் சந்தையில் மீன்காரனோடு சண்டை பிடித்து, வாங்கிய சாளை மீனைத் தானே தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்த சிஞ்ஞோரா நுன்சியா, இன்று கட்டிலை விட்டு எழும்பவே இல்லை. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. கோப்பியையும் பிஸ்கற்றையும் மிச்சம் வைக்காமல் முடித்திருந்தார். குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது.

என்ன வருத்தம் என்று யோசப்பினுக்குப் பிடிபடவில்லை. மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்த நாள்முதல் இந்த வீட்டிலேயே தங்கி, இந்தக் கிழவியைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

கொஞ்ச நேரத்தில் மருமகன் சால்வோ வந்தான். வந்ததும் வராததுமாக ஜன்னல்களைச் சாத்தினான். பிறகு அவளிடம், இன்று லீவு எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் வரச் சொன்னான்.

அவளுக்கு லீவு வியாழக்கிழமை பின்னேரம். இன்று திங்கள். போகமாட்டேன் என்று நின்றாள். வேறு வழியில்லாமல் அவன் விசயத்தைச் சொன்னான். வீட்டை விற்கிறார்கள். வாங்குபவர் மிலானோக்காரர், போன வியாழன் பின்னேரம் வந்து பார்த்துப் போனவர். அத்தைக்கு எழும்ப ஏலாதபடியால் நொத்தாயோ வீட்டுக்கே வருகிறார்.

நொத்தாயோ என்றால் நொத்தாரிசு. அவர் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு வீடும் கைமாறாது. விற்பவரையும் வாங்குபவரையும் முன்னால் இருத்தி, உறுதிப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை உரத்து வாசித்து, விளங்கியதா என்று கேட்ட பிறகுதான் பேனையைக் கொடுப்பார். வழக்கமாக எல்லோரும் அவருடைய அலுவலகத்துக்குப் போவார்கள். படுக்கையில் கிடப்பவருக்காக அவரே பையோடு புறப்பட்டு வருவதும் உண்டு.

ஆனால் யோசப்பினின் ஊரில் நொத்தாரிசு வீடு தேடி வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். உள்ளே ஒருவர் சாகக் கிடக்கிறார். அவருடைய பெருவிரலுக்கு மை பூசச் சொந்தக்காரர் காத்து நிற்கிறார்கள்.

அவள் குசினிக்குள் போய்த் தங்கச்சி கிளறாவுக்குப் போன் எடுத்தாள்.

"கிளறா, இவன் மனுசிக்குக் கோப்பியிலை என்னவோ கலந்திட்டான். வீட்டை எழுதி எடுக்கப் போறாங்கள்."

"கோப்பி ஆர் போட்டது?"

"நான்தான்."

"அப்ப பொலிஸ் முதல் உன்னைத்தான் பிடிக்கும், அக்கா."

"பகிடி விடாதை. வீடு போனா மனுசியை முதியோர் இல்லத்திலை தள்ளுவாங்கள். நான் பெட்டியோடை ரெயில் ஸ்ரேசனிலைதான் நிக்கோணும்."

கிளறா சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப நொத்தாயோவிட்டையே நேரை சொல்லு. கேக்கிறது அவற்றை வேலை."

கொஞ்ச நேரத்தில் மிலானோக்காரரோடு வந்து சேர்ந்த நொத்தாயோ அவசரப்படாத மனிதர். கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்து விளக்கினார். இது சாதாரண விற்பனை இல்லை என்றார். சுவரும் கூரையும் இன்றே வாங்குபவருக்குச் சொந்தம். குடியிருக்கும் உரிமை சிஞ்ஞோராவின் கடைசி மூச்சுவரை சிஞ்ஞோராவுக்கே. அதற்குப் பிறகுதான் திறப்பு கைமாறும்.

யோசப்பினுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஊரில் மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதும் தாய் தகப்பன் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் சீவிய உருத்து. பெற்ற பிள்ளைக்கு எழுதுவதால் அங்கே விலைப் பேச்சுக்கே இடமில்லை. முன்பின் தெரியாத மிலானோக்காரனுக்கு யாராவது அப்படி எழுதுவார்களா? அவளுடைய சந்தேகம் இன்னும் இறுகியது.

மிலானோக்காரரோ உறுதியைக் கவனிக்கவே இல்லை. அவருடைய கண் சிஞ்ஞோராவின் நெஞ்சு ஏறி இறங்குவதிலேயே இருந்தது. சால்வோ அவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான்.

இது உங்கள் சொந்த விருப்பம்தானா என்று நொத்தாயோ கேட்டார். சிஞ்ஞோரா கண்ணை மூடியபடி தலையசைத்தார்.

யோசப்பினால் பொறுக்க முடியவில்லை. "நொத்தாயோ, சிஞ்ஞோரா நேற்று..." என்று தொடங்கினாள்.

போர்வைக்குள் இருந்து ஒரு கை வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதியும்படியான பிடி. பாவம், மருமகனுக்குப் பயந்து நடுங்குகிறார் என்று நினைத்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

மிலானோக்காரர் அந்த அழுகையைப் பார்த்தார். செத்தவீட்டுக்கு வந்தவர்போலத் தலையைக் குனிந்தார். பிறகு பேனையை வாங்கி மளமளவென்று ஒப்பம் வைத்தார். சிஞ்ஞோராவின் ஒப்பம் எறும்பு ஊர்ந்ததுபோல விழுந்தது.

நொத்தாயோவும் மிலானோக்காரரும் படியிறங்கிப் போனார்கள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் சால்வோ ஜன்னல்களை அகலத் திறந்தான்.

சிஞ்ஞோரா போர்வையை உதறிவிட்டு எழும்பி, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, பாஸ்ராவுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

யோசப்பின் தண்ணீர் வைக்கப் போகவில்லை. "எனக்கேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"உன்ரை முகத்திலை பொய் நிக்காது. அதாலைதான் உன்னை வெளியிலை அனுப்பப் பாத்தம். நிண்டதும் நல்லதாப் போச்சு, அழுகை அருமையாய் இருந்தது" என்றார் சிஞ்ஞோரா.

"வீடு?"

"நான் இருக்குமட்டும் எங்கள் ரெண்டு பேரையும் ஒருத்தரும் வீட்டை விட்டு எழுப்ப ஏலாது. உன்ரை அறை உனக்குத்தான்."

"அப்ப ஏன் சாகிற ஆள் மாதிரிக் கிடந்தனீங்கள்?"

சிஞ்ஞோரா கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டே சொன்னார்:

"எழும்பி நிண்டிருந்தா அவன் பாதி விலைதான் தந்திருப்பான்."