நான்காவது வரி

பிற்பகல் மூன்று மணி. ராஜகிரிப் பாறையின் சூடு காற்றோடு ஜன்னலுக்குள் வருகிறது. நெட் மெதுவாக ஓடுவதால், வீட்டு வைஃபையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மணிமொழி பார்க்கிறாள். திரையில் ஆங்கிலத்தில் நான்கு பெயர்கள். கடைசியில் இருப்பது விமல் லேப்டாப். அண்ணன் விமல் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார் நைனா. மாற்றிவிட்டதாகச் சொன்னாள், மாற்றவில்லை. இந்த வைஃபை எதிர்ப் புளியமரத்தைத் தாண்டாது. அப்படியென்றால் அண்ணன் மரத்தடியில்தான் இருக்கிறான். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிய கையோடு அப்பா தங்கராஜ் அவள் பின்னால் வந்து நிற்கிறார். "இன்னாம்மா இதெல்லாம்? யார் யாருது?" "என் கம்ப்யூட்டரு, உன் போனு, டிவி, அவ்ளோதான் நைனா." அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எண்ணத் தெரியும். செம்மண் அப்பிய விரல் வரிவரியாக இறங்கி நான்காவதில் நிற்கிறது. "அப்ப இது?" அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி மறைகிறது. வெளியே ஒரு பைக் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்புகிறது. அந்தச் சத்தம் இருவருக்கும் தெரியும். வண்டியை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. விரல் மட்டும் வெறும் திரையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. "தெனம் வரானா?" என்கிறார். அவனை வீட்டுக்குக் கூப்பிடவா, வெட்டவா என்று அந்தக் குரலிலிருந்து மணிமொழியால் கண்டுபிடிக்க முடியவில்லை.