ஆயாம்மாவின் சோற்று டப்பா

பள்ளிக்கூடத்து மதர் என் பேரை மைக்கில் சொன்னதும் ஹால் முழுக்கக் கைதட்டல். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்கூல் வேன் டிரைவர் என் விலாவில் இடித்தான்.

"எந்திரி பெருசு. எந்தத் திருடனப் புடிச்சேன்னு உனக்கு அவார்டு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆயாம்மா நினைவு விருது. சிஸ்டர்மார் நடத்தும் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிய ஆயாம்மா போன வருஷம் செத்துப்போனாள். அவள் மகள் நர்ஸ். அம்மா பேரில் வருஷா வருஷம் ஊழியர் ஒருவருக்கு விருது கொடுக்க வேண்டும், முதல் விருது கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்குத்தான் என்று மதரிடம் வந்து கேட்டாளாம்.

இந்த மாதிரி சமாச்சாரங்களை நான் நம்புகிறவன் இல்லை. ஒருத்தன் சும்மா சிரித்தாலே எதற்குச் சிரிக்கிறான் என்று பார்க்கிற ரகம். என் வீட்டுக்காரிதான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கேட்டோடேயே குடும்பம் நடத்தினதுக்கு இப்பவாவது ஒரு மரியாதை என்று தள்ளிவிட்டாள்.

மேடை ஏறினேன். கண்ணாடி போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். மகள் மைக்கைப் பிடித்தாள்.

"அம்மா இவர அண்ணன்னுதான் சொல்வாங்க. அப்ப எனக்கு மாமா. தினம் சாயங்காலம் அம்மா கேட்டுக்கு வந்ததும் மாமா அவங்க கையிலேர்ந்து பைய வாங்கிக்குவாராம். பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டு வருவாராம். வீட்ல நாங்க சண்ட போட்டா, போய் அந்த அண்ணனப் பாத்துக் கத்துக்கங்கன்னுவாங்க."

பையை வாங்கியது நிஜம்.

கேட்டைத் தாண்டி ஆயாம்மாவோடு ஓர் அடி வைத்ததில்லை.

அவள் வேலைக்கு வந்த புதிதில் சேப்பலில் நாலு மெழுகுவர்த்தி காணாமல் போயின. சேப்பலைப் பெருக்குகிறவள் அவள். வேறு யார் எடுப்பார்கள்? அன்று சாயங்காலமே கேட்டில் மறித்துப் பையைக் காட்டச் சொன்னேன். யாரும் என்னை ஏவவில்லை. நானாகத்தான்.

பைக்குள் மாற்றுத் துணி, ஜெபமாலை, எவர்சில்வர் சோற்று டப்பா. டப்பாவையும் திற என்றேன். மூடி இறுகிக்கொண்டு வரவில்லை. துணியால் பிடித்துத் திருகினாள். குனிந்து கேட்டுக் கல்லில் தட்டினாள். வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வழியாகத் திறந்தது. உள்ளே கழுவிய ஈரம்தான் இருந்தது.

நாலு நாள் அப்படித் தட்டித் தட்டித் திறந்தாள். அடுத்த வாரம் டப்பாவில் மூடியே இல்லை. தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது, நமக்கும் வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மூடி வாங்கக்கூட வக்கில்லையா என்று ஒரு நாள் கேட்டும் வைத்தேன்.

"காலி டப்பாவுக்கு மூடி எதுக்குண்ணே" என்று சிரித்தாள்.

அந்த மாசமே பீடத் துணி அலமாரிக்குப் பின்னால் நாலு மெழுகுவர்த்தியும் கிடைத்துவிட்டன. சிஸ்டர் கேட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவும் செய்தார்.

அன்றைக்கே விட்டிருக்கலாம். ஆனால் திடீரென்று விட்டால், இத்தனை நாள் பார்த்தது தப்பு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. அதனால் மறுநாளும் பையை வாங்கினேன். அதற்கு மறுநாளும்.

பத்தொன்பது வருஷம்.

டீச்சர்கள் பையை நான் தொட்டதில்லை. டிரைவர் பையைத் தொட்டதில்லை. அவள் பை ஒன்றுதான்.

கடைசியாக வேலைக்கு வந்த நாளில் அவளால் நிற்கவே முடியவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்னால் பையை நீட்டினாள். அன்றும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

மதர் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா சொன்னது பொய் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அதெல்லாம் சாக்கு. எனக்குப் பயம்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

அதற்கும் கைதட்டினார்கள்.

மேடையை விட்டு இறங்கினேன். மகள் பின்னாலேயே வந்தாள். அவள் கையில் அதே துணிப் பை. பார்த்ததும், பழக்கதோஷத்தில், என் கை தானாக நீண்டுவிட்டது.

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா சொன்ன மாதிரியேதான் வாங்குறீங்க. உள்ள அவங்க டப்பா இருக்கு மாமா, உங்ககிட்டயே இருக்கட்டும். மூடியையும் தேடிப் போட்டுக் கொண்டாந்தேன். அது வீட்லயேதான் கிடந்துச்சு. மேல துணியக் கட்டிக்கிட்டுத்தான் போவாங்க. சிந்துதே, மூடியப் போட்டா என்னம்மான்னு கேட்டா, எனக்கு இதுதாண்டி சௌகரியம்னுவாங்க."

யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

டப்பாவை வெளியே எடுத்தேன். அடி நசுங்கி, பக்கமெல்லாம் கீறல் விழுந்து, மங்கிப்போயிருந்தது.

மூடி கடையில் வாங்கினபடியே பளபளவென்று இருந்தது. விளிம்பில் மட்டும், கல்லில் தட்டின தழும்பு. நாலே நாலு.