ஹென்ரிக்கின் மகள்

அந்தப் பக்கத்தை அவர் மறுபடியும் மேலிருந்து படித்தார்.

ஆங்கிலம் புரியாதவர் அல்ல. கரூரிலிருந்து கைத்துண்டும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்தே தலை நரைத்தவர்.

வரி மாறவில்லை.

‘எனக்குக் குழந்தைகள் இல்லை.’

எழுதியவர் ஹென்ரிக், வெளிநாட்டு வியாபாரி. வருடக்கணக்காக இவரிடம் சரக்கு எடுத்தவர். ஊருக்கு வந்தால் ஹோட்டலில் சாப்பிடமாட்டார்; இவர் வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இலையில் ரசத்தை வழியவிட்டுச் சிரிப்பார். இப்போது ஓய்வு பெற்று, உலக வணிகம் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறார்.

காலையில் கோவை விமான நிலையக் கடையில் அட்டையில் அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“நம்ம சிநேகிதருங்க” என்று கடைப் பையனிடம் சொன்னார். மூன்று பிரதி வாங்கினார். ஒன்று அலுவலக முகப்பில் வைக்க.

நேராக ஆலைக்கு வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தன் ஊர்ப் பெயர் எங்கே வருகிறது என்று தேடினார்.

பெயர் இல்லை. ‘தென்னிந்தியாவில் ஒரு துண்டுக்காரர்’ என்றுதான் இருந்தது.

ஆசியாவில் விலை பேச உட்காரும்போது கணக்கு எடுபடாது, குடும்பம்தான் எடுபடும் என்று எழுதியிருந்தார் ஹென்ரிக். ‘ஆகவே ஒரு மகளை உண்டாக்கினேன். லீசா. ரத்தப் புற்றுநோய். படம் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டியது.’

அந்தப் படத்தை அவர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார்.

இதே அறை. எதிரே இருக்கும் இதே நாற்காலி. பர்ஸிலிருந்து அதை எடுக்கும்போது ஹென்ரிக்கின் விரல்கள் நடுங்கின. தலையில் துணி கட்டிய சிறுமி. அன்றைக்கு அவர், ஹென்ரிக் கேட்ட விலைக்கும் கீழே இறங்கிக் கொடுத்தார்.

அதுவும் புத்தகத்தில் இருந்தது.

அடுத்த பத்தியில் பழநி மொட்டை.

‘அந்த மனிதர் லீசாவுக்காகத் தலையை மழித்துக்கொண்டு படம் அனுப்பினார். விருந்துகளில் இன்றும் எல்லோரும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் கதை இது.’

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. முடி இருந்தது. தடவிக்கொண்டே இருந்தார்.

சிரித்திருக்கிறான். இத்தனை வருடமும் சிரித்திருக்கிறான்.

கதவு தட்டப்பட்டது. தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாள், மாதிரித் துணியோடு வந்தாள். மேசைமேல் கிடந்த அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“ஏனுங்ணா, நம்ம வெள்ளக்காரருங்களா இது? அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படிங்க இருக்குது?”

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

“அப்படி ஒரு புள்ளையே இல்லையாம், மயிலாத்தா. வெலையக் கொறைக்கச் சொன்ன பொய்யாம். அவனே எழுதியிருக்கறான்.”

அவள் புத்தகத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“புள்ளைக்குச் சீக்குன்னு ஆராச்சும் பொய் சொல்லுவாங்களா?”

“சொல்லியிருக்கறானே.”

பக்கத்துக் கூடத்தில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“போச்சாதுங்க, வுட்டுத்தள்ளுங்க” என்றாள். “ஒரு கொழந்தையும் நோவுல துடிக்கல. அதுவரைக்கும் நல்லதுதான்.”

துணியை மேசையில் விரித்தாள். மடிப்பை நீவினாள். அவர் பார்ப்பார் என்று காத்திருந்தாள். பிறகு, நீவிய கை அப்படியே நின்றது.

“அப்பறம், அந்தப் புள்ள வைத்தியத்துக்கு வெலையக் கொறச்சுக் குடுத்துட்டேன், ஞாயித்துக்கெழமை வந்து கூலியில்லாமத் தச்சுக் குடுங்கன்னு எங்களக் கேட்டீங்களே. அந்தச் சரக்கு முடியற மட்டும் வந்து தச்சமே. அது ஆருக்குங்ணா தச்சது?”

அவர் நிமிர்ந்தார்.

கேட்டது உண்மைதான். இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, நடுக்கூடத்தில் நின்று, கண் கலங்கக் கேட்டார். ஒருத்தியும் மறுக்கவில்லை.

அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து தான் ஏமாந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தவருக்கு, இது ஒன்று மட்டும் நினைவுக்கு வந்திருக்கவில்லை.

மயிலாத்தாள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.