மனைவிமார் எழுந்து நிற்கவும்

தரைப்படைக்கான பாட்டை வாத்தியக் குழு எடுத்ததுமே பூங்காவில் அங்கங்கே அந்தப் படையில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

கைத்தடியை ஊன்றி எழுந்தவர்கள், மகனைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள், பாதி தின்ற ஹாட் டாகோடு எழுந்த இரண்டு இளவட்டங்கள். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் கழற்றிய தொப்பியை ஒருவரும் மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

ராய்ஸ் டெனிசன் மட்டும் மகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தான்.

பக்கத்து வீட்டு பெர்னிஸ் அம்மாள் முழங்கையால் இடித்தாள். “எந்திரி தம்பி. என்ன கூச்சம் உனக்கு?”

“நான் பட்டாளத்துல இருந்ததில்லைங்க.”

“யாருகிட்ட கதை விடறே? வண்டிக்குப் பின்னாடி ராணுவ முத்திரை ஒட்டியிருக்கு. சாமான் இறக்கின அன்னைக்குப் பட்டாளத்துப் பச்சை மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தே. எனக்குக் கண்ணு இன்னும் அவிஞ்சு போகலை.”

அவன் வாயைத் திறப்பதற்குள் கடற்படைப் பாட்டு தொடங்கிவிட்டது. பெர்னிஸ் அம்மாள் பின்வரிசைத் தோழியிடம் திரும்பி, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள். “பாவம். அங்க என்னத்தையெல்லாம் பார்த்துட்டு வந்தானோ.”

ராய்ஸுக்குச் சிரிப்பு வந்தது.

பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து அவன் இந்த நெப்ராஸ்கா ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஆறு வயது ஹேட்டியோடு தனியாக வந்து இறங்கினான். அவளுடைய அம்மா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. விவாகரத்து என்று ஊரே முடிவுகட்டி, நாசூக்காக விட்டுவிட்டது.

மேடையில் கிளிஃபர்ட் ஸ்ட்ரவுட் தாளைத் திருப்பினார். எண்பதை நெருங்கும் பழைய சிப்பாய். முப்பது வருடமாக இந்த நாளில் இந்த மேடையில் வாசிப்பவர் அவர்தான். வாசிப்பதும் அதே தாள்தான்.

“அடுத்தது எங்க முறை,” என்று பெர்னிஸ் அம்மாள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் கணவர் கடற்படையில் இருந்தவர். செத்து ஒன்பது வருடம்.

“இவர்களை அனுப்பிவிட்டு வீட்டைத் தாங்கி நின்றவர்கள் உண்டு,” என்று கிளிஃபர்ட் வாசித்தார். “மனைவிமார் எழுந்து நிற்கவும்.”

பெண்கள் எழுந்தார்கள். ஆண்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். பெர்னிஸ் அம்மாள் ராய்ஸின் தோளை அழுத்திப் பிடித்து, முட்டி சடசடக்க எழுந்தாள்.

மடியிலிருந்த ஹேட்டி அண்ணாந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

போன வருடம் வேறொரு ஊரிலும் இதே அழைப்பு வந்தது. ஹேட்டியின் அவிழாத ஷூ நாடாவை அவன் குனிந்து கட்டிக்கொண்டே இருந்தான், கைதட்டல் ஓயும்வரை.

மகளை இறக்கி விட்டுவிட்டு ராய்ஸ் எழுந்து நின்றான்.

“போதும் தம்பி, நான் நின்னுக்குவேன். நீ உக்காரு.”

அவன் உட்காரவில்லை.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “இது யாரு பொண்டாட்டிப்பா?” என்று ஒரு குரல் கேட்டது. பூங்காவே குலுங்கியது. ராய்ஸுக்குக் காது மடல் தகித்தது.

கிளிஃபர்ட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இது மனைவிமாருக்கு மட்டும்தாம்ப்பா,” என்றது ஒலிபெருக்கி, தன்மையாகவே.

“தெரியுங்கய்யா.” செருமிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னான். “என் வீட்டுக்காரி சார்ஜென்ட் கொரின் டெனிசன். ஒன்பது மாசமா குவைத்துல இருக்கா. அவளை அனுப்பிட்டு வீட்டைப் பார்த்துக்கிறது நான்தான். எந்த வரிசையில நிக்கறதுன்னு தெரியலை. அதான் இங்க நிக்கறேன்.”

சிரிப்பு சட்டென்று அறுந்தது.

ஹேட்டி நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, “அது எங்கம்மா!” என்று கத்தினாள்.

பெர்னிஸ் அம்மாள் தன் கையை அவன் கைக்குள் கோத்துக்கொண்டாள். “முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?” என்றாள். கண் தளும்பியிருந்தது.

கிளிஃபர்ட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவருக்கு வரி தவறிவிட்டது என்று முன்வரிசையில் முணுமுணுத்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளை மேசைமீது அழுத்திப் பிடித்து, ஒரே ஒரு சொல் எழுதினார். பேனாவை மூடிப் பையில் செருகினார்.

“மனைவிமார்,” என்று மறுபடி வாசித்தார். “கணவன்மார். எழுந்து நிற்கவும்.”

பிறகு மேசைக்குப் பின்னாலிருந்து மெல்ல நடந்து மேடையின் விளிம்புக்கு வந்தார். மேசையிலிருந்து எடுத்துவந்த தொப்பியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, விறைப்பாக நின்றார்.

கைதட்டல் தயங்கியது. தரைப்படைப் பாட்டுக்கே சல்யூட் வைத்து முடித்தவர் இவர். இது எதற்கு?

பெர்னிஸ் அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. ராய்ஸின் கையை இறுக்கினாள். “யூனிஸுக்காக நிக்கறாரு,” என்றாள்.

யூனிஸ் ஸ்ட்ரவுட், போன பிப்ரவரியில் இறந்துபோன அவருடைய மனைவி. அவளும் தரைப்படைதான்; வியட்நாமில் போர்க்கள மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். காயம்பட்டு வந்து விழுந்த கிளிஃபர்டை அவள் முதலில் பார்த்ததே அங்கேதான்.

முப்பது வருடமும் இந்தப் பூங்காவில் தரைப்படைப் பாட்டு முடியும்வரை அவள் உட்கார்ந்தே இருந்தாள். மனைவிமாரைக் கூப்பிட்டபோதுதான் எழுந்தாள்.