முள்வாளைக் குழம்பு

கிட்ட வந்து உட்காருங்க, கடல் இரைச்சலில் காது கேட்காது. யுத்த காலத்தில் நொச்சிக்குப்பத்தில் நடந்தது.

இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தின செண்பகம், புருஷன் முருகையனோடு உறவைத் தீர்த்துவிடச் சொல்லிப் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டாள்.

"பேரன் எடுத்த வயசுல இன்னாடி கூத்து இது?" என்றாள் அடுத்த குடிசைக் கோமளம்.

"அவருக்கு ஊரூர் குப்பத்துல இன்னொரு பொம்பள கீறா. படுக்கை அங்க. துன்றதுக்கு மட்டும் இங்க. நான் இன்னா சோத்துக்கடையா வச்சிக்கினு கீறேன்?"

குப்பத்து வழக்கப்படி, பெண்டாட்டி ஒரு துரும்பை நீட்டுவாள். பஞ்சாயத்தார் முன்னால் புருஷன் அதை வாங்கி இரண்டாய் ஒடித்தால் தீர்ந்தது. ஒடிக்காதவரை அவள் அவன் பெண்டாட்டிதான்.

முருகையன் கையைக் கட்டிக்கொண்டான். "தொடவே மாட்டேன். இவ கைக்குழம்பு வேற யாருக்கு வரும்?"

வலைக் கொட்டகையில் வெயில் ஏறும்வரை பேசிப் பார்த்தார்கள். அவன் மசியவில்லை.

செண்பகம் எழுந்து வீட்டுக்குப் போனாள். சோறும், விடியலிலேயே காய்ச்சி வைத்த முள்வாளைக் குழம்புமாகத் திரும்பினாள்.

"பசி தாங்க மாட்டாரு" என்று அவன் முன்னால் வைத்தாள்.

கூட்டம் சிரித்தது. கோமளம் தலையில் அடித்துக்கொண்டாள். "தீத்து வுடுன்னு வந்தவ சோறு போடுறா பாரு! மானங்கெட்டவ!"

பஞ்சாயத்துக்குத் தலைமை வகித்த பெரியதனக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "உள்ளுக்குள்ள ஆசை கீதும்மா. ராசியாப் போங்க."

முருகையன் மீசையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பிடி பிடித்தான். முள்வாளைக்கு உடம்பெல்லாம் முள். ஏப்பம் விட்டான். நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே, வழக்கம்போல அவள் பக்கம் கையை நீட்டினான்.

வழக்கம்போல அவளும் கொட்டகையின் ஓலைக் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவிக் கொடுத்தாள்.

பல் குத்த நீளம் அதிகமென்று, வழக்கம்போல அவன் படக்கென்று ஒடித்தான்.

செண்பகம் பெரியதனக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நான் நீட்னேன், அவரு ஒடிச்சாரு. எல்லாரும் பார்த்தீங்க இல்ல, நைனா?"

பெரியதனக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் துண்டால் வாயைத் துடைத்தார். "பார்த்தோம்மா. தீந்துது."

முருகையன் பல் குத்த மறந்து உட்கார்ந்திருந்தான்.

செண்பகம் மீதிக் குழம்புச் சட்டியை மூடி அவன் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பொம்பளைக்குக் கொண்டுபோய்க் குடு. நாளையிலேருந்து அதுதான் ஆக்கிக் கொட்டணும். இன்னிக்கி ஒரு வேளையாவது அடுப்பு மூட்டாம உக்காந்து துன்னட்டும்."