மரணம் என்ற கோப்பு

மூன்றாவது முறையும் ஒலிநாடா கடைசிவரை ஓடி, 'டக்' என்று நின்றது.

கைக்கணினியின் ஒற்றை வரித் திரையில் எதுவும் வரவில்லை.

வீரசிங்கம் நாடாவைப் பின்னால் சுற்றினார். ரிக்கார்டரின் மூடியைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் உள்ளே துடைத்தார். ஒலியளவை ஆறிலிருந்து எட்டுக்குக் கூட்டினார். வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

'மரணம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, அந்தக் கோப்பை ஏற்றச் சொன்னார்.

நாடா இரைந்தது. கணினி தேடிக்கொண்டே இருந்தது.

அது அவர் பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால் திதி சொல்லும். நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் எழுதியது. அதன் பிறகு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் திதி கேட்டு அவரிடம்தான் வந்தார்கள்.

பஞ்சாங்கம் யாழ்ப்பாண நேரத்தில் இருக்கும். எண்பத்திரண்டில் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். அது தெரிந்தும் பழைய பழக்கத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் கூட்டி, தவறான நாளில் திவசம் கொடுத்தவர்கள் உண்டு.

இன்றைக்கும் திதியில் இழுபறிதான். உயிர் போனது காலை ஐந்து ஐம்பதுக்கு. ஒரு பஞ்சாங்கம் ஏகாதசி என்றது. இன்னொன்று துவாதசி என்றது. குருக்கள் கூடத்தில் காத்திருந்தார். இன்று தவறினால் வருடா வருடம் தவறும்.

பக்கத்து வீட்டு வாசு அறை வாசலில் நின்றான். தொலைபேசி இலாகாவில் வேலை செய்பவன். இன்று லீவு போட்டிருந்தான்.

"விடுங்க அங்கிள். குருக்கள் சொல்றதையே வச்சிக்கலாம் லா."

"ஊரில எல்லாருக்கும் இதில பார்த்துத்தான் குடுத்தனான், தம்பி."

வாசு உள்ளே வந்து குனிந்து, ரிக்கார்டரில் காதை வைத்துக் கேட்டான்.

"சத்தம் நல்லாத்தான் வருது. பேரு போடாம ஏத்திப் பாருங்க. முதல்ல வர்றத எடுத்துக்கும்."

பெயர் போடாமல் ஏற்றினார்.

அரை நிமிடத்தில் ஏறிவிட்டது. கிடைத்த கோப்பின் பெயர் திரையில் வந்தது. சிவம்.

"யாரு அங்கிள் பேர மாத்துனது?"

அந்தக் கணினியைத் தொடத் தெரிந்தவர் வீட்டில் இன்னொருவர்தான், அவர் மனைவி சிவமலர். விளக்கேற்றுகிற வீட்டில் இப்படி ஒரு சொல்லை எழுதி வைக்கக் கூடாது என்று பல முறை சொன்னவள். அவர் கிள்ளானுக்குப் போயிருந்த ஏதோ ஒரு நாளில், அதே நாடாவில் பழையதை அழித்து வேறு பெயரில் பதிந்திருக்க வேண்டும்.

நிரலை ஓட்டினார்.

நாள் கேட்டது. அடித்தார். நேரம் கேட்டது. வழக்கமாக யாராவது துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து தருவார்கள். இன்று காகிதம் இல்லை.

பெயர் கேட்டது.

சிவமலர் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

முப்பத்தெட்டு வருடங்களாக 'இஞ்சாரும்' என்றே கூப்பிட்டுவந்ததால், அது யாரோ ஒருவருடைய பெயரைப் போல இருந்தது.

சின்ன அச்சுப்பொறி கரகரத்து, இரண்டு விரல் அகலக் காகிதத்தை வெளியே தள்ளியது. ஏகாதசி.

வாசு எட்டிப் பார்த்தான். "புண்ணிய திதி, அங்கிள்."

வீரசிங்கம் காகிதத்தைக் கிழிக்கக் கை வைத்தார். பொறி நிற்கவில்லை. அவர் எழுதாத ஒரு வரியையும் அடித்துவிட்டுத்தான் நின்றது.

'முதல்ல கொஞ்சம் சாப்பிடுங்கோ.'

திதி கேட்டு வருகிறவர்கள் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். சிவமலர் பின்னாலேயே வாசல்வரை போய் நின்றுவிட்டு வருவாள்.

கடைசியாக ஆள் வந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் எழுதிய வரி இதுவரை யாருக்கும் போகவில்லை.

திதியை மட்டும் கிழித்து வாசுவிடம் கொடுத்தார். "குருக்களிட்டக் குடுங்கோ."

வாசு வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"தம்பி."

நின்றான்.

"இங்க இண்டைக்கு அடுப்பு மூட்டேலாது. உங்கட வீட்டில சாப்பிட ஏதும் இருக்கோ?"