வண்டிக் கோளாறு

"உள்ளே வாங்க உமாபதி" என்றார் வேன் சொந்தக்காரர் வேணுகோபால்.

"தீட்டுக்காரன். இங்கேயே நின்னு சொல்லிட்டுப் போறேன்."

பட்டறைக்கு வெளியே ரோட்டோரமாகவே நின்றான் உமாபதி. நேற்றுத்தான் பெற்றவளுக்குக் கொள்ளி வைத்தவன். மழித்த தலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் நகரவில்லை.

மெக்கானிக் கைலாசம் ஸ்பேனரைக் கீழே வைத்தான். வேணுகோபாலின் பழைய வாடகை வேனுக்கு வருஷக்கணக்காக வைத்தியம் பார்ப்பவன் அவன்தான். வேன் ஓட்டுகிற முனிசாமி, கதவோரம் தலைகுனிந்து நின்றிருந்தான்.

"பட்டணத்து ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாங்க. உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்கன்னாங்க. உங்க வேனைத்தான் நம்பினேன். சுங்குவார்சத்திரம் வரைக்கும் நல்லாத்தான் வந்துது. அதைத் தாண்டினதும் உங்க முனிசாமி வண்டியை ஓரம் கட்டி, பானட்டைத் திறந்தான், மூடினான். அங்க புடிச்சுது சனி."

"என்ன பண்ணுச்சு வண்டி?" என்றான் கைலாசம்.

"மிதிச்சா விக்குது. தூக்கித் தூக்கிப் போடுது. ரோடு நேராத்தான் இருக்குது, வண்டி இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. முன் சீட்டுல இருந்து நான் திரும்பித் திரும்பிப் பார்க்கறேன், எங்கம்மா தலை இப்படியும் அப்படியும் ஆடுது. என் சம்சாரம் இந்திராணி மடியில தாங்கிக்கினு, 'இதோ வந்துட்டோம் அத்தை, இதோ வந்துட்டோம்'னு சொல்லிக்கினே வர்றா."

"எப்படியோ உயிரோட கொண்டுவந்து சேர்த்துட்டானேப்பா" என்றார் வேணுகோபால்.

"சேர்த்தான். இல்லேன்னா எங்கப்பாவைப் போல தெருவுலதான் கிடத்தியிருப்பாங்க. வெளியில போன உயிருன்னா எங்க பெரியவங்க வாசப்படி தாண்ட விடுவாங்களா? அவர் மழையில நனைஞ்சுக்கினு கிடந்ததைச் சொல்லிச் சொல்லியே அழுவாங்க எங்கம்மா. எனக்கும் அந்தக் கதிதானான்னு கேப்பாங்க."

உமாபதி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நடுக்கூடத்துல, அவங்க தறி பக்கத்துலயே படுக்கவச்சு, வாயில பால் விட்டேன். இறங்கலைங்க. கடைவாயில வழிஞ்சுடுச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா என் கையால ஒரு வாய் பால் குடிச்சுட்டுப் போயிருப்பாங்க."

காமாட்சியம்மன் கோயில் மணிச் சத்தம் தூரத்தில் கேட்டது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வண்டியா, ஆளா? வண்டின்னா என் தலையெழுத்துன்னு போயிடறேன். இவன் குடிச்சுட்டு ஓட்டியிருந்தான்னா, காஞ்சிபுரத்துல எவனும் இவன் கையில சாவியைக் குடுக்காதபடி பண்ணாம விடமாட்டேன்."

"என்னய்யா முனிசாமி?" என்று கேட்டார் வேணுகோபால்.

"வண்டி விக்குச்சு முதலாளி." அவன் தலை நிமிரவில்லை.

"கைலாசம், நீ பார்த்துச் சொல்லு."

கைலாசம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கார்பரேட்டரைப் பிரித்து ஊதிப் பார்த்தான். ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தான், டயரில் காற்றுப் பார்த்தான். அப்படியும் மனசு கேட்காமல் திருப்புட்குழி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து, சாவியை முனிசாமியிடம் கொடுத்தான். உமாபதி அதே இடத்தில் நின்றிருந்தான்.

கைலாசம் முதலாளியை ஒதுக்குப்புறமாக அழைத்தான்.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்லை. கையை விட்டாலும் நூல் புடிச்சாப்பல நேரா போவுது. வேணும்னே விட்டு விட்டு மிதிச்சாத்தான் இது விக்கும்."

வேணுகோபாலின் முகம் கறுத்துவிட்டது. முனிசாமியை வேனுக்குள் ஏறச் சொல்லி, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முனிசாமி குடிப்பான் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் யார் கண்டது என்று நினைத்தபடி கைலாசம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். கண்ணாடி வழியே தெரிந்தது. முதலாளி சாவிக்காகக் கையை நீட்டினார். முனிசாமியின் உதடுகள் மெல்ல அசைந்தன. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடியில் இறங்கியது.

வெகுநேரம் கழித்து வேணுகோபால் இறங்கி வந்தார். நேரே உமாபதியிடம் போய்க் கும்பிட்டார்.

"வண்டிதான்பா கோளாறு. கார்பரேட்டர்ல அடைப்பு. போன வாரம் கைலாசம் சரியா பார்க்காம விட்டுட்டான். எங்களை மன்னிச்சுடு."

கைலாசத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உமாபதி அவனைத் திரும்பிப் பார்த்தான். "நீயும் ஒரு தாய் பெத்த புள்ளைதானேய்யா" என்றான். அவ்வளவுதான். தலையைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தான்.

"என்ன முதலாளி இது? உங்க ஆளைக் காப்பாத்த என் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களா? நாளைக்கு எவன் என்னை நம்பி வண்டி விடுவான்? இருங்க, அவரைக் கூப்பிட்டு நெசத்தைச் சொல்லிடறேன்."

கைலாசம் ரோட்டில் இறங்கினான். வேணுகோபால் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வழியெல்லாம் அந்தம்மா, 'எந்த ஊருப்பா வருது, எந்த ஊருப்பா வருது'ன்னு முனிசாமியைக் கேட்டுக்கினே வந்திருக்காங்க. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர்னு இவனும் சொல்லிக்கினே வந்திருக்கான். சுங்குவார்சத்திரம் தாண்டினப்புறம் அவங்க கேக்கலையாம்."

கைலாசத்தின் கால் நின்றுவிட்டது.

"கண்ணாடியில பார்த்தானாம். முடிஞ்சிருந்துது. மருமகப் பொண்ணு இவனைப் பார்த்து, சொல்லிடாதீங்கன்னு தலையை மட்டும் ஆட்டிட்டு, போர்வையை மாமியார் மோவாய் வரைக்கும் இழுத்துவிட்டுதாம்."

வேணுகோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறந்தான் வண்டி விக்க ஆரம்பிச்சிருக்குது, கைலாசம்."